வசனம் புரியாதவரின் கண்

எல்லிஸ் ஆர். டங்கனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வியப்பில் தொடங்கி வியப்பிலேயே முடித்துவிடுகிறார்கள். தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத அமெரிக்கர் தமிழ்ப் படம் எடுத்தாராம், எம்.ஜி.ஆரை முதன்முதலில் கேமராவின் முன் நிறுத்தினாராம், எம்.எஸ். சுப்புலட்சுமியை மீராவாகக் காட்டினாராம். இவை எல்லாமே உண்மைதான். ஆனால் இந்த வியப்பு அவருடைய வேலையைப் பார்க்கவிடாமல் மறைத்துக்கொண்டு நிற்கிறது. மொழி தெரியாமலே இவ்வளவு செய்தார் என்று பாராட்டும்போது, தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகச் செய்திருப்பார் என்று நம்மை அறியாமலே சொல்லிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டங்கனின் கலை பிறந்ததே அந்தத் தெரியாமையிலிருந்துதான். வசனம் காதில் விழுந்தும் பொருள் விளங்காத ஒருவர், ஒரு காட்சி சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தீர்மானிப்பார்? முகத்தைப் பார்த்து, உடலின் நிலையைப் பார்த்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்துத்தான். தன் கண்ணுக்கு விளங்கும்வரை அவர் காட்சியை விடவில்லை. அவருக்கு விளங்கிய காட்சி பிறகு எல்லோருக்கும் விளங்கியது.

1909இல் ஒஹாயோ மாநிலத்தின் பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தவர் டங்கன். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தார். அமெரிக்காவிலேயே அந்தப் படிப்பு அப்போதுதான் தொடங்கியிருந்தது. கூடப் படித்த மாணிக்லால் தாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். பதினைந்து ஆண்டு தங்கிவிட்டார். கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் கொடுத்து எடுத்த 'நந்தனார்' படத்தைத் தாண்டன் கல்கத்தாவில் இயக்கிக்கொண்டிருந்தார். அதில் உதவியாளராக நின்று தொழிலைப் பார்த்த டங்கனுக்குத் தாண்டனின் பரிந்துரையால் 'சதி லீலாவதி' கிடைத்தது. தமிழ் பேசும் படத்துக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. நாடகக் கொட்டகை அப்படியே ஸ்டூடியோவுக்குள் இடம் மாறியிருந்தது. நடிகர்கள் வரிசையாக நின்று எதிரே இருப்பவரைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்து உரக்கப் பேசினார்கள், பாடினார்கள். கேமராவும் முதல் வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவரைப் போல இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

'சதி லீலாவதி' 1936இல் வெளிவந்தது. எஸ்.எஸ். வாசன் எழுதிய தொடர்கதை அது. எம்.ஜி. ராமச்சந்திரன், டி.எஸ். பாலையா இருவரும் திரையில் முதன்முதலாகத் தோன்றிய படம், என்.எஸ். கிருஷ்ணனும் நடித்த படம் என்பது பலரும் அறிந்தது. மலாயாவைச் சேர்ந்த நம் வாசகர் கவனிக்க வேண்டியது வேறு. எம்.கே. ராதா நடித்த கதாநாயகன் குடிக்கு அடிமையாகி, நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி, குடும்பத்தை விட்டு இலங்கைக்கு ஓடிப்போய்த் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். தமிழ்த் திரை புராணத்தை விட்டுத் தரைக்கு இறங்கிய தொடக்கத்திலேயே கடல் கடந்த தோட்டத்தில் கால் வைத்திருக்கிறது. அது எந்தக் காலம் என்று எண்ணிப் பாருங்கள்.   படம் வந்த 1936இன் கடைசியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயாத் தோட்டத் தமிழர் நிலையை விசாரிக்க வந்தார். 1938இல் இந்திய அரசு கூலி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று கள்ளுக்கடையை மூடு என்பது. குடியையும் தோட்டத்தையும் ஒரே கதையில் முடிச்சுப் போட்ட படம் மலாயாவின் பேராக்கில் உள்ள சித்தியவான், ஆயர் தாவார் பக்கத்து லயங்களுக்கு அந்நியமான செய்தி எதையும் சொல்லவில்லை.

டங்கன்மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டு எளிமையானது, வலிமையும் உடையது. மொழி தெரியாதவர் எப்படி இயக்குநராவார்? உச்சரிப்பைத் திருத்தியவர்கள், வசனத்தின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் எல்லாம் தமிழ் உதவியாளர்கள். டங்கன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதானே என்பார்கள். இதற்கு ஹாலிவுட்டிலிருந்தே பதில் இருக்கிறது. நாம் ஹாலிவுட்டின் பொற்காலம் என்று சொல்லும் காலத்தை ஆக்கியவர்களில் பலர் ஆங்கிலத்தை அரைகுறையாகப் பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்கள். லூபிட்ஷ், முர்னாவ், ஃபிரிட்ஸ் லாங் மூவருமே ஜெர்மன் பேசியவர்கள். ஹங்கேரியிலிருந்து வந்த மைக்கேல் கர்ட்டிஸ் கடைசிவரை உடைந்த ஆங்கிலமே பேசினார். அமெரிக்கர்கள் வசனத்துக்காகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் 'காசாபிளாங்கா'வை 1942இல் இயக்கியவர் அவர்தான். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருதும் அதற்காகவே வந்தது. வசனம் எழுத ஆள் உண்டு, பேச ஆள் உண்டு. அதை யார் பேசும்போது யார் முகத்தைக் காட்டுவது, எந்த நொடியில் வெட்டுவது என்று தீர்மானிப்பதுதான் இயக்குநரின் வேலை. அதற்கு இலக்கணம் தேவையில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சிங்கப்பூரின் ஜாலான் அம்பாஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஷா சகோதரர்களின் மலாய்ப் படக் கம்பெனி அங்கே இயங்கியபோது இந்தியாவிலிருந்து இயக்குநர்களை வரவழைத்தது. பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று ஒரு வரிசையே வந்தது. அவர்களில் பலர் மலாய் தெரியாமலே வேலையைத் தொடங்கினார்கள். பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன் மொழியும் அறிந்தவர். 1950இல் 'பக்தி' படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கியவர் அவர். இந்தியக் கதைக்கு மலாய் உடை மாட்டிவிட்டார்கள் என்று அந்த இயக்குநர்கள்மேல் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் உண்மையும் இருந்தது. ஆனாலும் அந்தப் பட்டறையில் நின்று பார்த்துப் பழகிய ரம்லிதான் 1955இல் 'பெனாரெக் பேச்சா'வை இயக்கி மலாய்ப் படத்துக்குச் சொந்தக் குரல் கொடுத்தார். தமிழுக்கு டங்கன் ஆற்றிய பணியும் மலாய்க்கு இந்திய இயக்குநர்கள் ஆற்றிய பணியும் ஒரே வகையைச் சேர்ந்தவை. ஒன்றை நன்றியோடு நினைக்கும் நாம் மற்றொன்றை வேடிக்கைக் கதையாகச் சொல்வது நியாயமில்லை.

'அம்பிகாபதி'யை எடுத்துக்கொள்வோம். 1937. எம்.கே. தியாகராஜ பாகவதர், எம்.ஆர். சந்தானலட்சுமி, வில்லனாக பாலையா, பாட்டுக்கு பாபநாசம் சிவன். கம்பர் மகன் சோழ இளவரசியைக் காதலித்து, நூறு பாட்டு சிற்றின்பம் கலவாமல் பாட வேண்டிய சோதனையில் காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்டதால் உயிரை இழக்கும் கதை. முந்தைய ஆண்டு ஜார்ஜ் குக்கர் ஹாலிவுட்டில் எடுத்திருந்த 'ரோமியோ ஜூலியட்'டின் சாயல் இதில் இருக்கிறது. இதை மறைக்கவும் வேண்டியதில்லை, குற்றமாகச் சொல்லவும் வேண்டியதில்லை. வசனம் எழுதியவர் மணிக்கொடி காலத்து எழுத்தாளர் இளங்கோவன். பிராமண வீட்டுப் பேச்சும் நாடகப் பேச்சும் கலந்து கிடந்த திரைத்தமிழை அவர் எடுத்துக் கூர் தீட்டினார். இங்கே யோசிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழ் வசனத்துக்குத் தனி அழகு வேண்டும் என்று காட்டிய படம் தமிழ் தெரியாத இயக்குநரின் கையிலிருந்து வந்திருக்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. மொழி தெரிந்த இயக்குநர் வசனத்தைத் தானே திருத்துவார், நீட்டுவார், தன் பேச்சுப் பழக்கத்தை அதில் ஏற்றுவார். டங்கன் அந்தப் பொறுப்பை எழுத்தாளரிடம் முழுதாக விட்டுவிட்டு, காதலர்கள் நெருங்கி நிற்கும் தூரத்தைத் தான் பார்த்துக்கொண்டார். அதுவரை தமிழ்ப் படத்தில் காதல் என்றால் இருவர் இரண்டு பக்கமும் நின்று மாறி மாறிப் பாடுவது. 'அம்பிகாபதி'யில் ஒருவர் பாடும்போது மற்றவர் கேட்கிறார். கேட்கிறவர் முகம் நமக்குத் தெரிகிறது. சந்தானலட்சுமியின் அந்தக் கேட்கும் முகத்தைத் தமிழ்த் திரை முதலில் கண்ட காதல் முகங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

பாடகர்களைப் படமாக்கும் சிக்கல் டங்கனின் வாழ்க்கை முழுவதும் தொடர்ந்து வந்தது. அவர் நுட்பம் நன்றாகத் தெரிவதும் அங்கேதான். 1940இல் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையை வைத்துக் 'காளமேகம்'. அதே ஆண்டில் ஜி.என். பாலசுப்பிரமணியத்தையும் எம்.எஸ்.ஸையும் வைத்துச் 'சகுந்தலை'; 1945இல் 'மீரா'. இவர்களெல்லாம் கச்சேரி மேடையில் உட்கார்ந்து இசையைக் கொடுத்தவர்கள். நடிப்பு அவர்கள் தொழில் அல்ல. கர்நாடக இசையும் டங்கனுக்குப் புதிது. பாட்டின் பொருளும் தெரியாது, ராகமும் தெரியாது. இப்படி ஒருவர் பாடகியைப் படமெடுத்தால் வாய் அசைவைக் காட்டிவிட்டுப் போவார் என்றுதான் எதிர்பார்ப்போம். 'மீரா'வில் நடந்தது வேறு. எம்.எஸ்.ஸின் முகத்தைச் சாந்தில் மார்பளவுச் சிலையாக வடிக்கச் செய்து, ஒளிப்பதிவாளர் ஜிதேன் பானர்ஜியோடு சேர்ந்து, அந்தச் சிலையின்மேல் பல கோணங்களிலும் விளக்கை மாற்றி மாற்றி வைத்துச் சோதித்தார் டங்கன். எந்த உணர்ச்சிக்கு எந்த வெளிச்சம், எந்தப் பக்கத்து நிழல் என்று படப்பிடிப்புக்கு முன்பே முடிவு செய்துகொண்டார். சிலை பேசாது, பாடாது, மொழியும் கிடையாது. வெளிச்சத்துக்கு மட்டும் பதில் சொல்லும். டங்கனுக்கு வேண்டிய நடிகை அதுவே என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பாடத்தை முடித்த பிறகே உயிருள்ள முகத்துக்கு வந்தார்.

அதன் பலனைப் படத்தில் பார்க்கலாம். எம்.எஸ். 'மீரா'வில் பெரிதாக நடிப்பதில்லை. நடிக்கவைக்க டங்கன் முயலவும் இல்லை. முகத்தை ஏறக்குறைய அசைவில்லாமல் வைத்து, கண்ணை மட்டும் மேலே தூக்கவிட்டு, மீதியை வெளிச்சத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். பக்தி என்பது உள்ளே நடப்பது. அதை முகபாவத்தால் காட்டப் போனால் நாடகமாகிவிடும். சித்தூர் நாகையாவின் ராணா கோபம், தவிப்பு, கெஞ்சல் என்று மனிதனாக அசைந்துகொண்டே இருக்கிறார். அவர் எதிரே மீரா அசையாமல் நிற்பதால் இருவருக்கும் நடுவிலுள்ள தொலைவு சொல்லாமலே தெரிந்துவிடுகிறது. குழந்தை மீராவாக வரும் ராதா பாடத் தொடங்கும் 'நந்தபாலா' பாட்டு, அதே ஓட்டத்தில் வளர்ந்த மீராவிடம் வந்து சேரும் இடத்தையும் சொல்ல வேண்டும். பத்து ஆண்டு கடந்துவிட்டது என்று யாரும் அறிவிக்கவில்லை, எழுத்துப் பலகை வரவில்லை. பாட்டு அறுபடாததால் பக்தியும் அறுபடவில்லை என்று நமக்குத் தெரிகிறது. அந்தப் படம் போர்க்காலத்தில் எடுக்கப்பட்டது. ஃபிலிம் தட்டுப்பாட்டால் எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக் கூடாது என்று அரசு கட்டுப்படுத்தியிருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடிப் பழகிய தமிழ்ப் படத்துக்கு அது பெரிய நெருக்கடி. டங்கனுக்கோ அது ஒத்துப்போயிற்று. சொல்ல வேண்டியதைப் படத்திலேயே சொல்லிவிடுகிறவருக்கு நீளம் எதற்கு? கல்கியின் பாடல்களும் எஸ்.வி. வெங்கட்ராமனின் இசையும் துவாரகையிலும் பிருந்தாவனத்திலும் ராஜபுதனத்திலும் போய் எடுத்த வெளிப்புறக் காட்சிகளும் அந்த அளவுக்குள் நெரிசல் இல்லாமல் அமர்ந்திருக்கின்றன. 1947இல் இந்தி 'மீரா' வந்தபோது சரோஜினி நாயுடு திரையில் தோன்றி எம்.எஸ்.ஸை வட இந்தியாவுக்கு அறிமுகம் செய்தார். மொழி மாறியும் படம் நின்றதற்கு முதல் காரணம் எம்.எஸ்.ஸின் குரல். அடுத்த காரணம், அந்தப் படம் முதலிலிருந்தே மொழியை மட்டும் நம்பி எடுக்கப்படாதது.

இங்கே இரண்டாவது எதிர்ப்பு எழும். 'மீரா'வின் புகழ் எம்.எஸ்.ஸுக்கு உரியது, 'அம்பிகாபதி'யின் புகழ் பாகவதருக்கு உரியது, இயக்குநருக்கு என்ன பங்கு என்று கேட்பார்கள். எம்.எஸ். நடித்த படங்கள் மொத்தம் நான்கு: கே. சுப்பிரமணியத்தின் 'சேவாசதனம்', டங்கனின் 'சகுந்தலை', ஒய்.வி. ராவின் 'சாவித்திரி', டங்கனின் 'மீரா'. நான்கிலும் குரல் ஒன்றுதான். மக்கள் மனத்தில் முகமாகத் தங்கியது 'மீரா'வின் முகம் மட்டுமே. குரல் மட்டுமே காரணமென்றால் நான்கும் தங்கியிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், டங்கன் வந்துதான் தமிழ்ப் படத்துக்குக் கண் திறந்தது என்று சொல்கிறவர்களையும் நான் ஏற்கவில்லை. அது வெள்ளைக்காரரைக் கண்டதும் கை கூப்பும் பழக்கம். பம்பாயில் மௌனப்பட நடிகராகத் தேர்ந்து வந்த ராஜா சாண்டோ 1935இலேயே 'மேனகா'வைச் சமூகப் படமாக எடுத்துவிட்டார். கே. சுப்பிரமணியம் 'பாலயோகினி', 'தியாகபூமி' வழியே சமூகக் கோபத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். அந்தத் துணிவு டங்கனிடம் இருந்ததில்லை. டங்கன் சீர்திருத்தவாதியல்லர். அவர் கைவினைஞர். அந்த எல்லைக்குள் வைத்து அளந்தால் அவருடைய உயரம் குறையாது.

காதல் காட்சிகளைப் பற்றிய மூன்றாவது எதிர்ப்பு அவர் காலத்திலேயே எழுந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 1950இல் அவர் இயக்கிய 'பொன்முடி' பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' என்ற காவியத்திலிருந்து பிறந்தது. பி.வி. நரசிம்ம பாரதியும் மாதுரி தேவியும் காட்டிய நெருக்கத்தைப் பார்த்துப் பலர் முகம் சுளித்தார்கள்; அமெரிக்கர் தன் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்து திணிக்கிறார் என்றார்கள். மூலத்தின் தலைப்பே முத்தம் என்பதையும் அதை எழுதியவர் புதுச்சேரித் தமிழர் என்பதையும் அவர்கள் மறந்துவிட்டார்கள். அகத்திணை பாடிய மொழிக்குக் காதலர் நெருக்கத்தை ஓர் அமெரிக்கர் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்ப் பாட்டில் எப்போதும் இருந்ததைத் தமிழ்ப் படம் கூசி ஒதுக்கியிருந்தது. அந்தக் கூச்சம் டங்கனுக்கு இல்லை. அந்த வகையில் அவர் பாரதிதாசனுக்குப் பொருத்தமான இயக்குநர் என்பேன்.

அவரிடம் குறை இல்லையா? உண்டு, அதுவும் மொழியிலிருந்தே வருகிறது. நகைச்சுவைக் காட்சிகளில் அவர் கை தெரிவதில்லை. சொல்லின் இடைவெளியிலும் இழுப்பிலும் பிறக்கிற என்.எஸ். கிருஷ்ணனின் சிரிப்பு அவருக்கு எட்டாதது. அங்கே கேமரா மறுபடி பழைய முதல் வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. இதே தளர்ச்சியை 'மந்திரிகுமாரி'யின் அரசவைக் காட்சிகளிலும் பார்க்கிறேன். 1950இல் வந்த அந்தப் படத்துக்குக் குண்டலகேசிக் கதையை எடுத்து வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. ராஜகுருவாக எம்.என். நம்பியார், அவர் மகனாக எஸ்.ஏ. நடராஜன், தளபதியாக எம்.ஜி.ஆர். அடுக்குமொழி பொழியும் இடங்களில் டங்கனுக்குச் செய்ய வேலையே இல்லாமல் போகிறது. பேசுகிறவரைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

பிறகு அந்த மலை உச்சி வருகிறது. மனைவியைத் தள்ளிக் கொல்ல அழைத்துப் போகிறான் ராஜகுருவின் மகன். மாதுரி தேவி அவன் நோக்கம் தெரியாமல் மகிழ்ந்து நடக்கிறாள். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய 'வாராய் நீ வாராய்' இதற்குத்தான் வருகிறது. காதுக்கு அது காதல் பாட்டு. கண் பார்ப்பதோ ஏறிக்கொண்டே போகும் வழி, குறுகிக்கொண்டே வரும் நிலம், இருவருக்குப் பின்னால் விரிந்துகொண்டே போகும் வெற்று வானம். ஜி. ராமநாதனின் மெட்டில் இனிமை கூடக் கூடப் படத்தில் அச்சம் கூடுகிறது. பாட்டு ஒன்று சொல்ல, படம் அதற்கு எதிரானதைச் சொல்லும் இந்த முறை தமிழில் அதற்குமுன் இவ்வளவு தெளிவாக வந்ததில்லை. பாட்டின் பொருளில் மயங்க வழியில்லாத ஒருவருக்குத்தான் இது எளிதில் கைவரும். உண்மை தெரிந்ததும் அவள் கணவனை மூன்று முறை வலம் வரக் கேட்கிறாள். மூன்றாம் சுற்றில் அவன் பின்னால் வந்து, தானே தள்ளிவிடுகிறாள். பதிவிரதைச் சடங்கு ஒன்று கொலைக்கருவியாக மாறுகிற அந்த நொடிக்கு விளக்க வசனம் எதுவும் தேவைப்படவில்லை. திராவிட இயக்கத்து எழுத்தாளர் சொல்ல நினைத்த கருத்து மொழி தெரியாத அமெரிக்கர் படமாக்கிய அந்த மூன்று சுற்றுகளில் முழுதாக இறங்கியிருக்கிறது.

அந்தப் படம் முடிவதற்குள் டங்கன் ஊர் திரும்பிவிட்டார். மீதியை முடித்தவர் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம். 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸோடு கூட்டாக உருவாகித் தமிழில் 'காடு' என்று வந்த ஹாலிவுட் படத்திலும், இந்தியாவில் எடுக்கப்பட்ட வேறு சில ஹாலிவுட் படங்களிலும் டங்கனின் பங்கு இருந்தது. அதற்குப் பிறகு மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரத்தில் ஆவணப்படம் எடுத்துக்கொண்டு வாழ்ந்தார். 1994இல் ஒருமுறை சென்னைக்கு வந்தபோது பழைய திரையுலகம் அவரைக் கொண்டாடியது. 2001இல் காலமானார். அவர் விட்டுப்போன 1950ஐ அடுத்து இரண்டே ஆண்டில் 'பராசக்தி' வந்தது. அதன் பிறகு நெடுங்காலம் தமிழ்ப் படம் வசனகர்த்தாவின் மேடையாயிற்று. பேச்சின் அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதற்கு வரலாற்றில் தேவை இருந்தது. மலாயாத் தோட்டங்களில்கூட அந்த வசனங்களை மனப்பாடமாகச் சொன்ன தலைமுறை ஒன்று உண்டு. ஆனால் 'மந்திரிகுமாரி'யில் அரசவையும் மலை உச்சியும், அதாவது கருணாநிதியின் சொல்லும் டங்கனின் கண்ணும், ஒரே படத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அடுத்து வந்தவர்கள் அரசவையை எடுத்துக்கொண்டார்கள். மலை உச்சியை எடுத்துக்கொள்ள இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.